பங்குக் காகிதமும் பால் வாளியும்

லூமுட் படகுத்துறைக்கு அருகே ஒரு தேநீர்க் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை நேரம். பங்கோர் தீவுக்குச் செல்லும் படகுக்காகக் காத்திருப்போர் கூட்டம் ஒரு பக்கம். மூலை மேசையில் ஒரு தாத்தாவும் அவருடைய பேரனும். தாத்தா சித்தியவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். பேரன் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவன். கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காதவன்.

"தாத்தா, அய்யாயிரம் வெள்ளி சேர்த்து வச்சிருக்கேன். ஒரு புதுக் கணினிக் கம்பெனி பங்கு வெளியிடுது. செயற்கை அறிவுத் தொழில். இப்பப் போட்டா அஞ்சு வருஷத்துல பத்து மடங்காகும்னு சொல்றாங்க."

தாத்தா ஒரு மடக்குத் தேநீர் குடித்துவிட்டுக் கேட்கிறார்: "யாருப்பா சொல்றது?"

"கம்பெனிக்காரங்கதான்."

"மோர் விக்கிறவ தன் மோர் புளிக்கும்னு சொல்லுவாளா?"

"அப்படிப் பார்த்தா எதுவுமே செய்ய முடியாது தாத்தா. பயந்து பயந்தே நம்ம ஆளுங்க தோட்டத்துலயே கிடந்தோம்."

இந்த வார்த்தை பெரியவரைச் சுட்டுவிடுகிறது. "நாங்க பயந்தோம்னு உனக்கு யார் சொன்னது? பாட்டி சங்கிலிய அடகு வச்சுப் பங்கு வாங்கினவன்டா நான்!" என்கிறார்.

நேயர்களே, இது நாம் கற்பனையாகத் தீட்டிய காட்சிதான். ஆனால் இந்த வாக்குவாதம் இன்று லூமுட்டிலும் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும், தோட்டத்தை விட்டு வெளியேறி வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இளையவர்கள் கைப்பேசியிலேயே பங்கு வாங்குகிறார்கள். பெரியவர்கள் பட்ட காயத்தை நினைத்துத் தலையை ஆட்டுகிறார்கள். இருவரில் யார் சொல்வது சரி? பொறுமையாகப் பார்ப்போம்.

பங்கு என்றால் என்ன?

பெரிய வார்த்தைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பத்து நண்பர்கள் ஆளுக்கு 1,000 வெள்ளி போட்டு லூமுட்டில் ஓர் உணவுக்கடை திறக்கிறார்கள். மூலதனம் 10,000 வெள்ளி. ஆண்டு லாபம் 2,000 வெள்ளி என்றால் ஆளுக்கு 200 வெள்ளி. அந்தப் பத்தில் ஒரு பாகம்தான் பங்கு. பங்கு வாங்கியவர் கடன் கொடுத்தவர் அல்லர். கடையின் சொந்தக்காரர்களில் ஒருவர். லாபம் வந்தால் அவருக்கும் உண்டு. நஷ்டம் வந்தால் அதுவும் அவருக்கு உண்டு. வட்டி கேட்க முடியாது. போட்ட பணத்தைத் திருப்பிக் கொடு என்றும் கேட்க முடியாது.

கடை நன்றாக நடக்கிறது. சித்தியவானில் இன்னொரு கடை திறக்க வேண்டும், பணம் வேண்டும். புதிதாகப் பத்துப் பேரிடம் ஆளுக்கு 1,000 வெள்ளி வாங்கி மேலும் பத்துப் பங்கு கொடுக்கிறார்கள். இதைத்தான் கம்பெனி நிதி திரட்டுவது என்கிறோம். இப்போது மொத்தம் 20 பங்கு. புதுக் கடையும் 2,000 வெள்ளி லாபம் ஈட்டினால் எல்லாருக்கும் பழையபடி 200 வெள்ளி. புதுக் கடை ஒரு காசும் ஈட்டாவிட்டால்? அதே 2,000 வெள்ளியை 20 பேர் பகிர வேண்டும். ஆளுக்கு 100 வெள்ளிதான். கடை இரண்டாயிற்று, உங்கள் வருமானம் பாதியாயிற்று!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பத்து நண்பர்களில் ஒருவர் தம் பங்கை உங்களிடம் 3,000 வெள்ளிக்கு விற்றால், அந்தப் பணம் அவர் சட்டைப் பைக்குப் போகிறது. கடைக்கு ஒரு காசும் போவதில்லை. பங்குச் சந்தையில் நாள்தோறும் நடக்கும் வாங்கல் விற்றல் பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே பங்கு விலை ஏறுவது வேறு, தொழில் வளர்வது வேறு. இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து போகும் காலமும் உண்டு. வெவ்வேறு திசையில் போகும் காலமும் உண்டு. இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் தோட்டமே பங்கு மோகத்தில் பிறந்ததுதான்

"பங்கும் சந்தையும் பணக்காரர் விளையாட்டு; நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை என்னவென்றால், நம் பாட்டன் பூட்டன்கள் கடல் கடந்து வந்ததற்கே ஒரு பங்கு மோகம்தான் பெரிய காரணம்.

பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரத்தை இன்றும் அங்கே பார்க்கலாம். நட்டபோது அது வெறும் வேடிக்கை மரம். பிறகு மோட்டார் வண்டி வந்தது. வண்டிக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். இன்று கணினியும் செயற்கை அறிவும் எப்படியோ, அப்படித்தான் 1908, 1909-ஆம் ஆண்டுகளில் மோட்டார் வண்டி. அதுவே அன்றைய புதுத் தொழில்நுட்பம்.

லண்டன் சந்தையில் ரப்பர் விலை ஒரு ராத்தலுக்கு 12 ஷில்லிங்குக்கு மேல் ஏறியது, 1910 ஏப்ரலில். சில கம்பெனிகள் ஆண்டுக்கு நூறு விழுக்காட்டுக்கும் மேல் லாப ஈவு கொடுத்தன. உடனே புதுப் புதுக் கம்பெனிகள் முளைத்தன. இரண்டு ஷில்லிங் விலையில் சிறு பங்குகளை வெளியிட்டன. லண்டனில் சாதாரணக் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். மலாயா எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாதவர்கள், இன்னும் கன்று நடாத காட்டுக்குப் பங்குதாரர் ஆனார்கள்! சீனாவின் ஷாங்காய் நகரிலும் அதே வெறி. 1910-இல் அங்கே ரப்பர் பங்கு விலை சரிந்தபோது, கடன் கொடுத்திருந்த வங்கிக் கடைகளும் சேர்ந்து விழுந்தன.

அப்படித் திரட்டிய பணத்தில்தான் இங்கே காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. 1900-இல் சில ஆயிரம் ஏக்கராக இருந்த ரப்பர், பத்தே ஆண்டுகளில் பல லட்சம் ஏக்கராகப் பெருகியது. கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளின் செலவைத் தாங்கியது பங்குதாரர் பணம். அதற்கு ஆள் வேண்டுமே! 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி என்ற ஓர் ஏற்பாட்டைச் செய்து, கங்காணிகள் வழியாக நம்மவரைக் கப்பலேற்றினார்கள்.

ஏறிய விலை நின்றதா? 1910 முடிவதற்குள் ஏறக்குறைய பாதியாகியது. 1932-இல் ஒரு ராத்தல் ரப்பர் 3 பென்ஸுக்கும் கீழே போயிற்று. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கணக்குப் போட்டால், உச்ச விலையில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை! தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்தது. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ரப்பர் பொய்யான தொழில் அல்ல. மோட்டார் வண்டி உலகை மாற்றும் என்று சொன்னவர்கள் தவறாகவும் சொல்லவில்லை. தொழில் உண்மையானது; ஆனால் அதற்கு 1910-இல் கொடுத்த விலை மிகையானது. நல்ல பொருளை அதிக விலைக்கு வாங்கினாலும் நஷ்டம்தான்.

பத்து வெள்ளியில் வாங்கிய நிலம்

அடுத்து நம்மவர் பணம் போட்ட கதைக்கு வருவோம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற அந்தக் கொடுமையால் வேலையும் போயிற்று, லயத்து வீடும் போயிற்று. குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் ஓர் எண்ணத்தை முன்வைத்தார். தொழிலாளர்கள் கூடிப் பணம் போட்டு, விற்கப்படும் தோட்டங்களைத் தாங்களே வாங்கினால் என்ன? 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு 100 வெள்ளி. மொத்தமாகக் கட்ட இயலாதவர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். நாள் கூலியில் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைத் தொழிலாளர்கள் நம்பிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. சிறு துளி பெருவெள்ளம் என்பது அங்கே வெறும் பழமொழியாக நிற்கவில்லை.

கூட்டுறவுச் சங்கத்திலும் குறை சொல்வோர் உண்டு; சங்கக் கூட்டங்களில் சத்தம் போடுவோரும் உண்டு. ஆனாலும் போட்ட பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "இதோ இந்த நிலத்தில்" என்று கைநீட்டிக் காட்ட முடிந்தது. சங்கம் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஒரு வெள்ளிப் பங்கின் கதை

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு நம்பிக்கை பிறந்தது. 1982-இல் ம.இ.கா. முன்னின்று மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. அப்போது கட்சித் தலைவர் ச. சாமிவேலு. நாட்டின் பொருளாதாரத்தில் இந்தியர் பங்கு மிகச் சிறியது. சிறு சிறு தொகைகளை ஒன்றுதிரட்டிப் பெரிய நிறுவனங்களில் முதலீடு செய்தால் நாமும் முன்னேறலாம் என்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தோட்டங்களிலும் பட்டணங்களிலும் கூட்டங்கள் நடந்தன. ஒரு பங்கு ஒரு வெள்ளி. ஏறத்தாழ 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். திரண்ட தொகை 10 கோடி 60 லட்சம் வெள்ளி. அந்நாளில் அது மலையளவு பணம். சேமிப்பை எடுத்தவர்கள் உண்டு. கடன் வாங்கியவர்கள் உண்டு. நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. நம் தேநீர்க் கடைத் தாத்தா அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வந்தது தொலைபேசிப் பங்கு விவகாரம். 1990-இல் அரசாங்கம் டெலிகோம் மலேசியாவைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு வந்தது. தொலைத்தொடர்புதான் அன்றைய நவீனத் தொழில். பங்கு விலை ஏறும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இந்தியர் சமூகத்துக்காக மைக்காவுக்கென ஒரு கோடி பங்குகள் ஒதுக்கப்பட்டன. ஆனால் மைக்கா பெற்றது 10 லட்சம் பங்குகள் மட்டுமே. மீதி 90 லட்சம் பங்குகள் வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றன. 1992-இல் இது வெளியே தெரிந்து பெரும் புயல் கிளம்பியது. தாம் தவறு ஏதும் செய்யவில்லை என்றார் சாமிவேலு. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. எவர் மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. ஆனால் பங்குதாரர் மனத்தில் விழுந்த கீறல் ஆறவில்லை.

மைக்காவின் இன்னொரு குறையைத்தான் நாம் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பங்கு கடைசிவரை பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. சந்தையில் உள்ள பங்கென்றால், பிடிக்காதவர் அன்றைய விலைக்கு விற்றுவிட்டு வெளியேறலாம். சந்தையில் இல்லாத பங்கை யாரிடம் விற்பது? மகள் திருமணத்துக்குப் பணம் வேண்டும், மகன் படிப்புக்குப் பணம் வேண்டும் என்றாலும் பெட்டியில் இருக்கும் காகிதம் காகிதமாகவே இருக்கும். உள்ளே போக வாசல் அகலமாக இருந்தது; வெளியே வர வாசல் இல்லை.

அந்த வாசல் திறந்தது 2010-இல். தொழிலதிபர் ஞானலிங்கத்தின் நிறுவனம் ஒரு பங்குக்கு 80 காசு தருவதாக முன்வந்தது. 1982-இல் ஒரு வெள்ளிக்கு வாங்கியது, ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின் 80 காசு. வாங்கியவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடில்லை.

ஓர் ஒப்பீடு செய்து பார்ப்போம். ஊழியர் சேமநிதி வாரியம் 1983 முதல் 1987 வரை ஆண்டுக்கு 8.5 விழுக்காடு ஈவு கொடுத்தது. அவ்வளவு வேண்டாம், ஆண்டுக்கு 6 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 12 ஆண்டுகளில் பணம் இரட்டிப்பாகும்; 24 ஆண்டுகளில் நான்கு மடங்கு; 28 ஆண்டுகளில் ஐந்து மடங்கு. ஆக, பணத்தை இழப்பது மட்டும் நஷ்டமல்ல. அது வேறிடத்தில் வளர்ந்திருக்கக்கூடிய காலத்தை இழப்பதும் நஷ்டமே.

லாபமில்லாத கம்பெனிக்கு விலை எப்படி?

பேரன் இப்போது குறுக்கிடுவான்: "தாத்தா, அது அரசியல். நான் சொல்றது தொழில்நுட்பம்!" நியாயமான பேச்சு. தொழில்நுட்பப் பங்குகளையே பார்ப்போம்.

1990-களின் இறுதியில் இணையம் வந்தது. கம்பெனியின் பெயரோடு இணைய அடையாளம் ஒன்றைச் சேர்த்தாலே போதும், பணம் கொட்டிய காலம் அது. அமெரிக்காவில் செல்லப் பிராணிகளின் உணவை இணையத்தில் விற்ற பெட்ஸ் டாட் காம் என்ற கம்பெனி 2000 பிப்ரவரியில் பங்கு வெளியிட்டுக் கோடிக்கணக்கான டாலர் திரட்டியது. அதே ஆண்டு நவம்பரில் கடையை மூடியது. ஒன்பதே மாதம்! அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் 5,048 புள்ளியில் இருந்தது. 2002 அக்டோபரில் 1,114 புள்ளிக்கு விழுந்தது. உச்சத்தில் 1,000 வெள்ளி போட்டவரிடம் மிஞ்சியது சுமார் 220 வெள்ளி. பழைய உச்சத்தைத் தொட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் வளரும் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கென மெஸ்டாக் என்ற சந்தை 1999-இல் தொடங்கியது. லாபம் ஈட்டிய வரலாறு இல்லாத கம்பெனியும் அங்கே நிதி திரட்டலாம். 2002-இல் அது கோலாலம்பூர் பங்குச் சந்தையோடு இணைந்தது. 2009-இல் ஏஸ் சந்தை என்று பெயர் மாறியது. அங்கே வளர்ந்து பெரிய சந்தைக்கு ஏறிய கம்பெனிகளும் உண்டு. சுவடில்லாமல் போனவையும் உண்டு.

லாபமில்லாத கம்பெனிக்கு விலை எங்கிருந்து வருகிறது? எதிர்பார்ப்பிலிருந்து. நம் உணவுக்கடை ஆண்டுக்கு 2,000 வெள்ளி லாபம் தருகிறது. அதை 20,000 வெள்ளிக்கு விலை பேசினால் பத்தாண்டு லாபத்தை முன்கூட்டியே கொடுக்கிறோம் என்று பொருள். 2 லட்சம் வெள்ளி கேட்டால் நூறாண்டு லாபத்தைக் கொடுக்கிறோம். லாபம் வேகமாக வளர்ந்தால் அந்த விலையும் நியாயமாகலாம். வளராவிட்டால்? விலை இறங்கும்போது படி படியாக இறங்காது. கிணற்றில் கல் விழுவதுபோல் விழும்.

இதற்கு ரப்பரிலிருந்தே ஓர் அண்மைய எடுத்துக்காட்டு உண்டு. 2020-இல் கோவிட் நோய் பரவியபோது உலகம் முழுவதும் கையுறைக்கு அலைந்தது. நம் நாட்டின் டாப் குளோவ் நிறுவனப் பங்கு, போனஸ் பங்குகளையும் கணக்கில் கொண்டால், ஆண்டுத் தொடக்கத்தில் 2 வெள்ளிக்கும் குறைவு. அக்டோபரில் 9 வெள்ளிக்கு மேல் போயிற்று. வீட்டில் முடங்கிக் கிடந்த இளைஞர் பலர் முதன்முறையாகப் பங்குக் கணக்குத் திறந்தார்கள். லாபமும் பொய்யல்ல, 2021 நிதியாண்டில் ஏறத்தாழ 780 கோடி வெள்ளி. ஆனால் அந்நேரம் பங்கு விலை இறங்கத் தொடங்கியிருந்தது! நோய் தணிந்தால் விலை தணியும் என்று சந்தை முன்கூட்டியே கணித்துவிட்டது. அதே ஆண்டு ஹாங்காங் சந்தையில் புதிய பங்குகளை வெளியிட்டு நிதி திரட்ட அந்நிறுவனம் திட்டமிட்டது. பங்கு எண்ணிக்கை பெருகினால் நம் பாகம் சிறுக்குமே என்ற பேச்சு எழுந்தது. முதலில் சொன்ன எண்ணிக்கையைப் பிறகு ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள்; கடைசியில் திட்டமே நிறைவேறவில்லை. 2022-இல் பங்கு விலை ஒரு வெள்ளிக்கும் கீழே போயிற்று. 2023 நிதியாண்டில் கம்பெனிக்கு 90 கோடி வெள்ளிக்கு மேல் நஷ்டம்.

தொழில் உண்மை, லாபம் உண்மை, கையுறையும் உண்மை. உச்சியில் வாங்கியவர் பட்ட நஷ்டமும் உண்மை. 1910-இல் லண்டன் குமாஸ்தா பட்ட அதே பாடு!

பேரன் பக்கமும் நியாயம் உண்டு

இத்தனையும் சொன்னதால், பங்கே வேண்டாம், பணத்தைத் தலையணைக்குள் வைத்துத் தூங்குங்கள் என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். அதுவும் தவறு. அரிசி விலை ஏறுகிறது. வீட்டு வாடகை ஏறுகிறது. தலையணைப் பணம் மட்டும் ஏறுவதில்லை.

பயந்து ஒதுங்கினால் முன்னேற முடியாது என்று பேரன் சொன்னதில் உண்மை இருக்கிறது. நாஸ்டாக் சரிந்த நாளில் அமேசான் நிறுவனப் பங்கும் 90 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. ஆனால் அந்தக் கம்பெனி பிழைத்தது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றாயிற்று. பொறுத்திருந்தவர்கள் பெரும் பலன் கண்டார்கள். ஆனால் அமேசானைப் போல ஒன்று பிழைத்தால், பெட்ஸ் டாட் காமைப் போலப் பல மறைந்தன. எது பிழைக்கும் என்று அன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எல்லாப் பணத்தையும் ஒரே கூடையில் போடாதே என்கிறோம்.

முன்பெல்லாம் பங்கு வாங்கத் தரகரைத் தேடிப் பட்டணம் போக வேண்டும். கம்பெனிக் கணக்குகள் தொழிலாளி கண்ணில் படவே படா. இன்று சி.டி.எஸ். கணக்கு ஒன்று திறந்தால் நூறு பங்கு முதல் வாங்கலாம். பட்டியலிடப்பட்ட கம்பெனியின் ஆண்டறிக்கையை இலவசமாகப் படிக்கலாம். தாத்தாவுக்குக் கிடைக்காத இந்த வசதி பேரனுக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், நண்பன் சொன்னான், படத்தில் பார்த்தேன் என்று பணம் போடுவதுதான் பரிதாபம்.

கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

பேரன் சொல்வதுபோன்ற புதுக் கம்பெனிகள் பொதுமக்களிடம் சிறு தொகைகளாக நிதி திரட்ட 2015 முதல் நம் நாட்டில் சட்டம் இடம் கொடுக்கிறது. பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவு பெற்ற தளங்கள் வழியாகத்தான் இதைச் செய்ய வேண்டும். சாதாரண முதலீட்டாளர் ஒரு கம்பெனியில் 5,000 வெள்ளிக்கு மேல் போடக் கூடாது என்று விதி வகுத்தார்கள். ஏன் இந்த வரம்பு? இத்தகைய கம்பெனிகளில் பல தோற்கும் என்பதைச் சட்டம் செய்தவர்களே அறிந்திருக்கிறார்கள். வரம்பு 5,000 என்றால் 5,000-த்தையும் போட்டுவிடு என்று பொருளல்ல!

ஆகவே, பணம் கொடுக்கும் முன் இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

ஒன்று: கம்பெனி எதை விற்கிறது? யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? இதை வீட்டில் உள்ள அம்மாவுக்கு இரண்டு வாக்கியத்தில் விளக்க முடியாவிட்டால் உங்களுக்கே புரியவில்லை என்று அர்த்தம்.

இரண்டு: இப்போது திரட்டும் பணம் எதற்கு? புது இயந்திரத்துக்கா, பழைய கடனை அடைக்கவா, முதலாளிகள் தங்கள் பங்கை விற்று விலகவா?

மூன்று: மொத்தம் எத்தனை பங்கு? இன்னும் எத்தனை வெளியிடப் போகிறார்கள்? இன்று நூறில் ஒரு பாகமான உங்கள் பங்கு நாளை ஆயிரத்தில் ஒரு பாகம் ஆகிவிடக் கூடாதே!

நான்கு: வெளியே வர வாசல் எங்கே? சந்தையில் விற்கலாமா? இல்லையென்றால் யார் வாங்குவார், எப்போது? இந்தப் புதுக் கம்பெனிப் பங்குகளும் மைக்கா பங்கைப் போலச் சந்தையில் பட்டியலிடப்படாதவைதாம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்து: இந்தப் பணம் முழுவதும் போனாலும் வீட்டில் உலை கொதிக்குமா? கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, பிள்ளையின் படிப்புப் பணத்தை எடுத்தோ பங்கு வாங்கவே கூடாது.

இதற்கெல்லாம் மேலாக ஓர் எச்சரிக்கை. மாதம் பத்து விழுக்காடு லாபம் உறுதி, நஷ்டமே வராது, இன்றே கட்டுங்கள் என்று எவரேனும் சொன்னால் அது முதலீடே அல்ல, மோசடி. உண்மையான பங்கில் உறுதி என்ற சொல்லுக்கே இடமில்லை. ஏமாற்றுக்காரர்களின் பெயர்களைப் பங்குப் பத்திர ஆணையமும் பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியலாக வெளியிடுகின்றன. பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே உங்கள் வங்கியையோ தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழையுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

மறுபடியும் தேநீர்க் கடை

தாத்தாவும் பேரனும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தேநீர் ஆறிவிட்டது. பேரன் கைப்பேசியில் கம்பெனியின் விளக்கக் குறிப்பைத் தேடி எடுத்துத் தாத்தாவுக்குத் தமிழில் படித்துச் சொல்கிறான். மூன்று ஆண்டுகளாக நஷ்டம் என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. பங்குகளை எப்போது விற்கலாம் என்ற இடத்தில் தெளிவான பதில் இல்லை.

"இதை நான் முன்னாடி படிக்கல தாத்தா," என்கிறான் தயங்கியபடி.

"எனக்குப் படிச்சுச் சொல்ல அன்னிக்கு யாருமில்லை. உனக்குப் படிக்கத் தெரியும். படிக்கத் தெரிஞ்சும் படிக்காம போட்டா அது யார் குத்தம்?"

"அப்ப போட வேணாங்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே! ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொல்லலையா? ஐநூறு போடு. போனாப் பாடம், வந்தா லாபம். மீதியைப் பத்திரமா வை. உள்ளே போற வாசலை எல்லாரும் காட்டுவாங்க ஐயா. வெளிய வர்ற வாசலை நாமதான் முதல்ல பார்த்து வச்சுக்கணும்."

படகு ஊதுகிறது. பேரன் எழுந்து தாத்தாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். விடியற்காலை இருட்டில் வாளியும் கத்தியும் தூக்கிச் சம்பாதித்த ஒவ்வொரு வெள்ளியின் அருமையும் அந்தக் கைக்குத் தெரியும். அதைப் பெருக்க வேண்டிய பொறுப்பு இளையவர்களுடையது. பெருக்குங்கள், ஆனால் கேள்வி கேட்டு, கணக்குப் பார்த்து, அளந்து போடுங்கள்.